மைனாவின் இரண்டாம் குட்டி

மாசி மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எர்ணாவூர்க் கொட்டகையில் ஐந்து பேர் இருந்தார்கள். குதிரைகளின் முதலாளி பாஸ்கர், சாரட்டு வண்டியில் மாப்பிள்ளை உட்காருகிற சிவப்பு வெல்வெட் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். அவருக்கு முழங்கால் வலி. தாழ்வான இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். கால்நடை டாக்டர் சில்வியாவுக்குக் கொட்டகையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். லாடம் அடிக்கிற சௌக்கத் அலி தன் ஆயுதப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி வைத்திருந்தார். வண்டியோட்டி லட்சுமணன் சாரட்டின் இரும்புப் படியில், முதலாளியின் செருப்புக்குப் பக்கத்தில். அவன் மனைவி பூவம்மா தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு விளிம்பில். அவளுக்குப் பின்னால் வெள்ளைக் குதிரை மைனா நின்றுகொண்டிருந்தது. அதன் மூச்சு அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

பேச வேண்டியது ஒரே விஷயம். பத்து நாளைக்கு முன்னால் மைனாவுக்குக் குட்டி செத்துப் பிறந்தது. பத்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் நாற்பது நாள் வயிற்றில் தங்கியிருந்தால் அந்தக் குட்டி பூவம்மாவுடையதாக இருந்திருக்கும்.

பாஸ்கரின் அப்பா காலத்திலிருந்து அந்தக் கொட்டகையில் ஓர் ஏற்பாடு இருந்தது. குதிரை போடுகிற முதல் குட்டி முதலாளிக்கு. இரண்டாவது, அதை வளர்க்கிறவர்களுக்கு. மூன்றாவது மறுபடியும் முதலாளிக்கு. வளர்க்கிறவர்களின் தப்பால் குட்டி தவறினால் அவர்கள் முறை போயிற்று. நோயில் தவறினால் முறை அப்படியே நிற்கும், அடுத்த குட்டி அவர்களுக்கு. எங்கும் எழுதி வைத்ததில்லை. ஆனால் மைனாவின் முதல் குட்டி பிறந்த அன்று பாஸ்கர் அதைத் தட்டிக்கொடுத்து, “இது என்னுது, அடுத்தது உன்னுது பூவு” என்று இதே தொட்டியருகில்தான் சொன்னார். அந்த முதல் குட்டி இப்போது காஞ்சிபுரம் பக்கம் யாருக்கோ வண்டி இழுக்கிறது.

ஆகவே அன்றைய கேள்வி, செத்துப் பிறந்த குட்டி யார் கணக்கில் போகும் என்பதுதான்.

“காணும் பொங்கலன்னிக்கு பீச்சுல மைனா மேல புள்ளைங்கள ஏத்தி சவாரி உட்டீங்கோன்னு சொல்றாங்கோ” என்றார் பாஸ்கர். கோபமாகச் சொல்லவில்லை. டீ கிளாசைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, மழை வருமா என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

“யாரு சொன்னாங்கோ?” என்றாள் பூவம்மா.

“யாரோ. பேரு இன்னாத்துக்கு?”

“பேரு சொன்னா நான் போய்க் கேட்டுகினு வருவேன்ல, அண்ணே.”

“அதுக்குத்தான் சொல்லல.”

லட்சுமணன் படியிலிருந்து திரும்பி முதலாளியை அண்ணாந்து பார்த்தான். “குளிப்பாட்டத்தான் இட்டுகினு போனேன். கொயந்தைங்க வாலப் புடிச்சிகினு பின்னாலயே வந்துச்சுங்க. ஒண்ணுகூட மேல ஏறல.”

“ஏறியிருந்தா அவனே வந்து சொல்லியிருப்பான்” என்றார் சௌக்கத் அலி. “பொண்டாட்டிகிட்ட சொல்லாம ரெண்டாவது டீ குடிச்சதில்ல அவன்.”

“பாய், எங்கூட்டு விஷயத்த உடு” என்றாள் பூவம்மா. எல்லாரும் சிரித்தார்கள். லட்சுமணனும் சிரித்தான்.

டாக்டர் சில்வியா தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ராயபுரத்துக்காரர், ஸ்கூட்டரில் வந்து ஸ்கூட்டரில் போகிறவர். குட்டி விழுந்த அன்று தகவல் கிடைத்த ஒரு மணி நேரத்தில் வந்து, கையுறை போட்டு, குட்டியின் நுரையீரலிலும் ஈரலிலும் துண்டு வெட்டி ஐஸ் பெட்டியில் எடுத்துப்போனவர் அவர்தான். மீதியைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொன்னதும், நஞ்சுக்கொடி விழுந்த வைக்கோலை எரிக்கச் சொன்னதும் அவர்தான்.

“சவாரி விட்டாங்களா இல்லையான்னு பேசுறதே வேஸ்ட்” என்றார். “குட்டி அதனால போகல. ஆய்வுக்கூடத்துல இருந்து ஃபோன்ல சொல்லிட்டாங்க, வைரஸ். குதிரைக்குச் சளி வர வைக்கிற வைரஸ்ல ஒண்ணு இது. முதல்ல மூக்கு, தொண்டை. ரெண்டு நாள் காய்ச்சல், மூக்குல தண்ணி, இருமல். அதோட சரியாப் போயிடும். ஆனா சினைக் குதிரையா இருந்தா அது ரத்தத்துல போய்க் கருப்பையில உட்கார்ந்துக்கும். சளி போய் ஒரு மாசம் ரெண்டு மாசம் கழிச்சு, முன்னாடி எதுவுமே காட்டாம குட்டி விழுந்துடும்.”

“சளிக்கா குட்டி வியும்?” என்றார் பாஸ்கர். “எண்ணூர்ல சளி இல்லாதவன் எவன் கீறான், டாக்டரம்மா? நான் டோல்கேட்டுல இருந்து வரேன், இங்க எறங்கின ஒடனே எனக்கே தொண்ட கமறுது.”

அதில் பொய் இல்லை. கொட்டகைக்கு ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிகள் நிற்கிற மைதானம், இன்னொரு பக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பின் சுவர். காற்று வடக்கிலிருந்து அடித்தால் சாம்பலும், தெற்கிலிருந்து அடித்தால் லாரிப் புகையும் வரும். மைனாவின் வெள்ளை முதுகைக் காலையில் துடைத்தால் துணி கறுப்பாகும். குடியிருப்பில் இருமாத வீடு கிடையாது. அதனால்தான் கார்த்திகை கடைசியில் ஒரு குதிரை சளியோடு வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் குதிரை புதிது. பாஸ்கர் ஆந்திரப் பக்கத்துச் சந்தையில் வாங்கி, மினி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். உயரமான பழுப்புக் குதிரை. வண்டியிலிருந்து இறங்கியதும் கொட்டகையையும், அதிலிருந்த நான்கு குதிரைகளையும், லட்சுமணனையும் மேலிருந்து ஒரு பார்வை பார்த்தது. “ஆய்வுக்கு வந்த கலெக்டர் மாதிரி பாக்குது” என்றான் லட்சுமணன். அன்றிலிருந்து அதன் பெயர் கலெக்டர். அதன் மூக்கிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பூவம்மா பார்த்தவுடனே பாஸ்கருக்கு ஃபோன் போட்டாள்.

“அண்ணே, இத்த வெளியில தனியாக் கட்டட்டுமா? மூக்கு ஒயுகுது.”

“வெளியிலன்னா எங்க? லாரி போற ரோட்லயா? நைட்டு முய்க்க லாரில வந்திருக்குது, காத்து பட்டிருக்கும். உள்ளயே கட்டு.”

உள்ளே கட்டினாள். ஆனால் அந்தக் கோடியில் கட்டினாள். இந்தக் கோடியில் மைனா. நடுவில் மற்ற மூன்றும். கலெக்டருக்குத் தனி வாளி, தனித் தீவனக் கூடை. மைனாவுக்கு அப்போது எட்டாம் மாதம். வண்டியில் பூட்டுவதை ஐப்பசியிலேயே நிறுத்தியிருந்தார்கள். பூவம்மா தினம் காலையில் அதன் விலாவில் காது வைத்துக் கேட்பாள். உள்ளே குட்டி உதைப்பது கன்னத்தில் தெரியும். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் மார்கழி முழுக்கச் சண்டை போட்டார்கள். மார்கழியில் கல்யாணம் இல்லை, சாரட்டு வெளியே போகாது, குதிரைகள் நின்று தின்னும், மனிதர்களுக்கும் தூங்க நேரம் இருக்கும். வருஷத்தில் அவர்களுக்குப் பிடித்த மாதம் அது.

“தனியாத்தான் கட்டியிருக்கீங்க” என்றார் டாக்டர், கொட்டகையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்து. “வாளி தனி, கூடை தனி. அதையும் எழுதி வச்சிருக்கேன். இந்த வைரஸ் பெரும்பாலும் மூக்குல இருந்து மூக்குக்குத்தான் போகும். நடுவுல இருக்கிற மூணும் இருமியிருக்கு. அதுங்க பக்கத்துல பக்கத்துல நிக்குது, சரி. ஆனா மைனாவுக்கும் அதுங்களுக்கும் நடுவுல சுவர் இருக்கே. அதுக்கு எப்படிப் போச்சுன்னுதான் எனக்குப் புரியல.”

மைனா தலையை நீட்டித் தொட்டித் தண்ணீரை உறிஞ்சியது. பூவம்மா அதன் மூக்கைப் பார்த்தாள். ரோஜா நிறத்தில், ஓரத்தில் சாம்பல் புள்ளிகளோடு, ஈரமாக இருந்தது.

“சாக்கு” என்றாள்.

“என்ன சாக்கு?”

“வேது புடிச்ச சாக்கு, டாக்டரம்மா.”

சொல்லாமல் இருந்திருக்கலாம். லட்சுமணன் முகம் அதைத்தான் சொன்னது. ஆனால் அவள் ஆரம்பித்துவிட்டாள். ஆரம்பித்தால் வரிசையாகச் சொல்லி முடிக்கிறவள். மார்கழி இரண்டாம் தேதி கலெக்டருக்கு இருமல் ஆரம்பித்தது. கொரோனாக் காலத்தில் குடியிருப்பு வாசலில் வரிசையாக நிற்க வைத்து எல்லாருக்கும் ஆவி பிடிக்க வைத்தார்களே, அது நினைவுக்கு வந்தது. சுடு தவிட்டில் நொச்சி இலையும் கொஞ்சம் நீலகிரித் தைலமும் போட்டுக் கோணிச் சாக்கில் நிரப்பி, கலெக்டரின் மூக்கை உள்ளே விட்டுக் காதுக்குப் பின்னால் கட்டினாள். கால் மணி நேரம். அதற்கு நன்றாகக் கேட்டது. பெருமூச்சு விட்டு, மூக்கைச் சிந்தி, தின்ன ஆரம்பித்தது. மற்றதுகளுக்கும் முன்ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று அதே சாக்கில் புதுத் தவிடு போட்டு அடுத்த குதிரைக்கு. அப்புறம் அடுத்ததற்கு. கடைசியில் மைனாவுக்கு. சினையாக இருக்கிறதே என்று மைனாவுக்கு மட்டும் மூன்று நாள் கட்டினாள்.

“தவிடு மாத்தினேன்” என்றாள். “சாக்க மாத்தல.”

சௌக்கத் அலி மட்டும் மெதுவாகச் சொன்னார். “அஞ்சு மூக்குக்கு ஒரே கைக்குட்ட.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. “இப்போ புரியுது” என்று மட்டும் சொல்லி நோட்டில் எழுதினார்.

“அப்பால இன்னா?” என்று பாஸ்கர் வெல்வெட்டில் சாய்ந்தார். “அவளே சொல்லிட்டா. வளக்குறவங்கோ தப்பு. முறை போச்சு. அடுத்தது என்னுது.”

“நோயக் கொண்டாந்தது யாரு?” என்றாள் பூவம்மா. அவள் குரல் உயரவில்லை. “நான் வெளியில கட்டறேன்னு கேட்டேன். நீங்கதான் உள்ள கட்டச் சொன்னீங்கோ. சாக்குக் கட்டினது நான். இல்லேன்னு சொல்லல. சளி யாரோடது?”

“சார், சாக்கு வழிதான். நோய் வந்தது புதுக் குதிரையோட” என்றார் டாக்டர். “புதுசா வாங்குற குதிரைய மூணு வாரமாவது தனியா வைக்கணும். இது எல்லா இடத்துலயும் சொல்றதுதான்.”

பாஸ்கர் யோசித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பிடிவாதக்காரர், அவ்வளவுதான். “வாய்ல ஆயிரம் சொல்லலாம் டாக்டரம்மா. பேப்பர்ல வரட்டும். கலெக்டர்கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு ஆய்வுக்கூடத்துல எய்தி, சீல் போட்டுக் குடுக்கட்டும். நான் தல ஆட்றேன். அடுத்த குட்டி பூவுக்கு. பாய் சாட்சி.”

“சாட்சி” என்று சௌக்கத் அலி கையைத் தூக்கினார்.

எழுத்தில் அறிக்கை வேண்டுமென்றால் எழுத்தில் கேட்க வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். ஐந்து குதிரைக்கும் ரத்தப் பரிசோதனை, நடந்ததெல்லாம் தேதி வாரியாக, ஒளிக்காமல். சாக்கு விஷயமும் இருக்க வேண்டும். ராயபுரத்திலும் புளியந்தோப்பிலும் சினைக் குதிரை வைத்திருக்கிறவர்களுக்கு அதைக் காட்டி எச்சரிக்கலாம். அங்கேயும் யாராவது வேது கட்டிக்கொண்டிருப்பார்கள். ஒன்று மட்டும், விண்ணப்பம் உரிமையாளர் பெயரில்தான் போக வேண்டும். வளர்க்கிறவர் பெயரில் வாங்க மாட்டார்கள்.

“நான் எய்தறேன்” என்றாள் பூவம்மா. “அண்ணன் கையெய்த்து போடட்டும்.”

டாக்டர் புறப்படும்முன் மைனாவின் கண் இமையை விலக்கிப் பார்த்தார், வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். “அம்மா நல்லா இருக்கா. பயப்படாதீங்க. அடுத்த சினைக்கு ஒரு குறையும் இல்ல, நேரத்துக்கு ஊசி போட்டா போதும்.” அதைக் கேட்டு எல்லாருக்கும் மனசு லேசானது. பாஸ்கரே இறங்கி வந்து மைனாவுக்கு ஒரு வெல்லக் கட்டியைக் கொடுத்தார்.

பூவம்மா பத்தாவது வரை படித்தவள். குடியிருப்பில் தண்ணீர் வரவில்லை என்றாலும், லிஃப்ட் நின்றுபோனாலும், ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனாலும் நான்கு பிளாக்குக்கும் மனு எழுதுகிறவள் அவள்தான். அன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு, ஐந்தாவது மாடி வீட்டில், பாயை விரித்து, காய்கறி நறுக்கும் பலகையைத் தொடைமேல் வைத்து, வெள்ளைத் தாளில் ஸ்கேலால் இடது பக்கம் கோடு போட்டாள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று எழுதி, இரண்டு விரல் இடம் விட்டு ஆரம்பித்தாள். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்தது. லட்சுமணன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, காலாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அவள் எழுதுவதைப் பார்க்கப் பிடிக்கும்.

“‘ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் குதிரைகள் வைத்துத் தொழில் செய்து வருகிறேன். என்னுடைய வெள்ளைப் பெண் குதிரை மைனா…’” என்று எழுதி நிறுத்தினாள்.

“இன்னா, மை தீந்துபோச்சா?”

“இல்ல. ‘என்னுடைய’ன்னு எய்தினேன்.”

“அண்ணன் பேர்ல எய்தற. அப்பிடித்தான் எய்தணும்.”

“தெரியும்.”

எழுதினாள். கார்த்திகை இருபதாம் தேதி புதிய குதிரை வந்தது. வரும்போதே மூக்கில் நீர் வடிந்தது. அன்றே தனியாகக் கட்டலாமா என்று கேட்கப்பட்டது, உள்ளே கட்டப்பட்டது. மார்கழி இரண்டு, மூன்று, நான்கு, வேது. மார்கழி ஏழு, மைனாவுக்கு லேசான காய்ச்சல், ஒரு நாள் தீவனம் குறைவு. தை மூன்று, கடலில் குளிப்பாட்டப்பட்டது, யாரும் ஏறவில்லை. தை இருபத்திரண்டு விடிகாலை, குட்டி இறந்து பிறந்தது, ஆண் குட்டி, நெற்றியில் வெள்ளை. நெற்றி வெள்ளை எந்த ஆய்வுக்கும் வேண்டாம்தான். ஆனால் எழுதிவிட்டாள், அடிக்கவில்லை.

சாக்கு விஷயத்தில்தான் சிக்கல் வந்தது. ‘நான் ஒரே சாக்கைக் கட்டினேன்’ என்று எழுத முடியாது; இந்தக் கடிதத்தில் நான் என்றால் பாஸ்கர். அவர் சாக்கே பார்த்ததில்லை.

“‘கட்டப்பட்டது’ன்னு போட்டுடு” என்றான் லட்சுமணன். “யாரு கட்டினாங்கோன்னு எவன் கேக்கப் போறான்?”

“மத்தது எல்லாம் ஒயுங்கா எய்திட்டு இத மட்டும் மறைக்கக்கூடாதுய்யா. டாக்டரம்மா ஒளிக்காம எய்துன்னாங்க.” கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: ‘என்னிடம் வேலை செய்யும் பூவம்மா என்பவர், நோயுள்ள குதிரைக்குக் கட்டிய சாக்கையே மற்றக் குதிரைகளுக்கும் கட்டினார்.’

படித்துக் காட்டினாள். லட்சுமணன் காலாட்டுவதை நிறுத்திவிட்டு, “சரியாத்தான் கீது” என்றான்.

மறுநாள் காலை மைனாவுக்குத் தீவனம் வைத்து, அது கூடையைக் காலி செய்வதைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி டோல்கேட்டில் இறங்கினாள். கல்யாணத்துக்குச் சாரட்டும் விளக்கும் வாடகைக்கு விடுகிற பாஸ்கரின் கடை முன்னால் சீரியல் பல்புச் சரங்களைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவர் கல்லாவில் இருந்தார். பக்கத்து ஸ்டூலில், பள்ளிக்கூடச் சீருடையில், அவருடைய சின்ன மகள் அம்மு இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

“வா பூவு. மொதல்ல சாப்புடு.”

“ஆச்சுண்ணே.”

“இந்த ஜிலேபியாச்சும் எடு. நேத்து நைட்டு கல்யாணத்துல குடுத்தது. நம்ம வண்டி ஜோரா இருந்துச்சுன்னு பொண்ணோட அப்பாவே கூப்ட்டுச் சொன்னாரு. லச்சுமணன் நல்லா ஓட்டினான்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பக்கத்தையும் படித்தார். விரலை வரிக்கு வரி நகர்த்தினார். “இன்னாமா எய்தற நீ. கலெக்டரே எய்ந்து நிப்பாரு.”

“எந்தக் கலெக்டரு?”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். “இது ஒண்ணு மட்டும் வேணாம். ‘வரும்போதே மூக்கில் நீர் வடிந்தது’. கீழ ‘தனியாகக் கட்டலாமா’ன்னு கேட்டதும் வேணாம். நோய்க் குதிரையத் தெரிஞ்சே வாங்கி வச்சான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா எவன் நம்ம வண்டியக் கல்யாணத்துக்குக் கூப்புடுவான்? அப்பால உனக்கும்தான் வேல இல்ல.”

“சாக்கு விஷயம்?”

“அது இருக்கட்டும். டாக்டரம்மா கேட்டாங்கள்ல.”

பூவம்மா தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மு இட்லியை விழுங்கிவிட்டு, “பூவத்த, அடுத்த குட்டிக்கு வெற்றின்னு பேரு வச்சிட்டேன்” என்றாள். “பொண்ணா இருந்தாலும் வெற்றிதான்.”

“நல்ல பேரு கண்ணு” என்றாள் பூவம்மா. பிறகு பாஸ்கரிடம், “மூக்கு வரிய எடுத்துடறேன், கேட்டதையும் எடுத்துடறேன்” என்றாள். “குதிர வந்த தேதிய எடுக்க மாட்டேன், அண்ணே. கார்த்திக இருபது வந்துச்சு. மார்கயி ரெண்டு இருமுச்சு. அதுக்கு மின்னாடி நம்ம கொட்டாய்ல ஒண்ணும் இருமல. அது மூணும் நிக்கட்டும்.”

“தேதிதானே. தேதி இருந்துட்டுப் போட்டும்.”

அவள் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக ஒப்புக்கொண்டார். கல்லா ஓரத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ஃபேனை அவள் பக்கம் திருப்பச் சொன்னார். பூவம்மா நின்றபடியே இரண்டாம் பக்கத்தைப் புதுத் தாளில் திரும்ப எழுதினாள். வெளியே போய் டாக்டருக்கு ஃபோன் செய்து, எடுத்த வரிகளைச் சொன்னாள்.

“தேதி எல்லாம் இருக்குல்ல?” என்றார் டாக்டர். “போதும். ரத்தத்தைப் பார்த்தா எது முன்னாடி, எது பின்னாடின்னு அவங்களுக்கு ஓரளவு தெரிஞ்சுடும். நீங்க நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அனுப்பிடுங்க.”

அது கேட்டதும் பூவம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. திரும்ப உள்ளே வந்து ஜிலேபி ஒன்றை எடுத்துத் தின்றாள். பாஸ்கர் கடைசிப் பக்கத்தில், ‘குதிரை உரிமையாளர்’ என்று அவள் எழுதி வைத்திருந்த இடத்துக்கு மேலே, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டு, கடையின் ரப்பர் முத்திரையை ஊதிக் குத்தினார். உறையின் இடது மூலையிலும் ஒன்று குத்தினார். “அம்மா மாரி கீற நீ இல்லாங்காட்டி மைனா குட்டி வியுந்த அன்னிக்கே செத்திருக்கும்” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அடுத்த தெருத் தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. பூவம்மா நான்கு தாள்களையும் ஓரம் சேர்த்துத் தட்டி, மூன்றாக மடித்து உள்ளே வைத்தாள். மேஜை மேலிருந்த பசை டப்பாவில் விரலை விட்டு உறையின் வாயில் தடவி, மடித்து, கட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை இரண்டு முறை தேய்த்தாள். கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கித் தராசில் வைத்தாள்.

“அனுப்புறவங்க ஃபோன் நம்பர்?”

பூவம்மா தன் நம்பரைச் சொன்னாள்.

அந்தப் பெண் உறையைத் திருப்பி முத்திரையைப் படித்தாள். “பாஸ்கருன்னு போட்டிருக்கு. நீங்களா?”

“அவங்ககிட்ட வேல செய்யறேன்.”

“அப்ப அவர் நம்பர் சொல்லுங்க. பதில், மெசேஜ் எல்லாம் அனுப்புறவங்களுக்குத்தான் போகும்.”

தினமும் சாரட்டுப் பின்பலகையைத் துடைக்கிறவளுக்கு அதில் எழுதியிருக்கிற பாஸ்கரின் நம்பர் மனப்பாடம். பத்து எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தப் பெண் தட்டச்சு செய்து, பட்டைக் கோடு போட்ட சீட்டை உறையில் ஒட்டி, பின்னாலிருந்த பிளாஸ்டிக் தட்டில் போட்டாள். உறை மல்லாந்து விழுந்தது. மேலே முத்திரை நீலமாகத் தெரிந்தது.

“அடுத்து யாரு?” என்றாள்.

பூவம்மா ரசீதை மடித்து, ஒதுங்கி இடம் விட்டாள்.